கதிர் நமக்கு, தட்டை மாட்டுக்கு: திருவண்ணாமலை வட்டாரத்தின் வேளாண் மரபு



ஏர் பிடித்தே வாழ்ந்து மறைந்த தம் தந்தையாரின் நினைவாக ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் விரும்பினார்கள். இவ்வாண்டு என்னை அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: “எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் ஐயா, எங்கள் அப்பாவுக்குப் புரியும்படி பேசுங்கள்.” இவ்வளவு கடினமான நிபந்தனையை நான் எந்த மேடையிலும் சந்தித்ததில்லை. அந்தப் பெரியவர் முன்வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டே பேசுகிறேன்.

செங்கத்துக்குப் பக்கத்தில் கொல்லைமேட்டு ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்தில் நீர் பாயும் நிலம் கழனி. வானம் பார்த்த நிலம் கொல்லை. எங்கள் வீட்டுக்குக் கழனி முக்கால் காணி, கொல்லை மூன்று காணி. கம்பு அறுவடையன்று என் பாட்டி கதிரைக் கொய்து கூடையில் போட்டபடி முன்னே போவார். பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே தட்டையை அறுத்துக் கட்டுவோம். விளையாட்டுப் புத்தியில் தட்டையை மிதித்துவிட்டால் வசவு விழும். “கதிர் நமக்கு, தட்டை மாட்டுக்கு. அதும் சோத்த ஏண்டா மிதிக்கிற?” என்பார். என் இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வரிக்கு உரைதான்.

எருமைக்காக நடப்பட்ட கல்

செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் நடுகற்கள் ஏராளம். இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அதைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒரு செய்தி உடனே பிடிபடும். இந்தக் கற்களில் பேர் வாழ்பவர்களில் மிகப் பலர் மாடு காக்கச் செத்தவர்கள், அல்லது மாடு மீட்கச் செத்தவர்கள். மந்தைக்கு அவர்கள் வைத்திருந்த சொல் ‘தொறு’. அந்தச் சொல் கல்லுக்குக் கல் வருகிறது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை அறியாத வரலாற்று மாணவர் இருக்க முடியாது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்பவன் சண்டையில் பட்டான். அவன் நாய் கோவிவன் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பேரையும் வெட்டி வைத்தார்கள். பலரும் இந்தக் கல்லை நாய்க்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அது நியாயந்தான். ஆனால் நான் உங்கள் கண்ணை வேறொரு பக்கம் திருப்ப விரும்புகிறேன். அவன் எதைக் காக்கப் போய் உயிரை விட்டான்? கல்வெட்டு சொல்கிறது: தன் எருமைகளை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் ஒரு வீட்டுக்காரன் எருமைக்காக உயிரைக் கொடுத்தான். ஊர் அவனுக்குக் கல் நட்டது. கறவை மாடு ஒரு வீட்டின் உயிர்நாடி என்பதற்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கும் முன்னால் போகலாம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் நம் செங்கத்து நன்னன் மீது பாடப்பட்டது. பரிசில் தேடி வரும் கூத்தர் கூட்டத்துக்கு அது வழி சொல்கிறது. அந்த வழியில் தினைப்புனம் வருகிறது, ஆநிரையோடு கோவலர் வருகிறார்கள், ஆட்டு மந்தைகள் வருகின்றன, சேயாறு வருகிறது. வழிப்போக்கனுக்குக் கோவலர் குடியிருப்பில் பால் கிடைக்கும் என்று புலவர் உறுதி சொல்கிறார். தானியமும் பாலும் அடுத்தடுத்து வரும் அந்த மண்ணில்தான் இன்றைக்கும் செங்கம் பேருந்து போகிறது.

நெய்க் கணக்கு

அண்ணாமலையார் ஊரில் நின்று பேசும்போது நெய்யைப் பேசாமல் இருக்க முடியாது. சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிய ஆடுமாடுகளைத் தானமாக விட்டார்கள். மந்தையை இடையர்கள் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் நெய் அளந்தார்கள். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. அதனால் அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று விகிதம் வைத்திருந்தார்கள். ஓர் எருமை மூன்று பசுவுக்குச் சமம், ஆறு ஆட்டுக்குச் சமம். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று இன்று இயந்திரத்தில் பார்க்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அந்தக் கணக்கைக் கல்லில் எழுதி, அதன்படி அளந்து வாங்கினார்கள்.

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சிக் கொப்பரையில் அண்மைக் காலத்தில் 3,500 கிலோவுக்குக் குறையாமல் நெய் வார்க்கிறார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு. ஒரு கிலோ நெய் எடுக்க ஏறத்தாழ 25 லிட்டர் பால் வேண்டும். ஆக 3,500 கிலோ நெய்க்குப் பின்னால் 87,500 லிட்டர் பால் இருக்கிறது. நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் மாடு என்றால், ஏறத்தாழ 11,000 மாடுகளின் ஒரு நாள் கறவை. கீழே நின்று அந்தச் சுடரைக் கண்டு கை கூப்பும்போது, விடியற்காலை இருட்டில் மடி கழுவிக் கறந்த கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடுகள் தின்ற தட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டை மதிக்கிற ஊர் இது. மாட்டுப் பொங்கலன்று கோயிலின் பெரிய நந்திக்குக் காய், கனி, பலகாரம் என்று மாலை கட்டிச் சாத்துகிறார்கள். ரமணாசிரமத்துக்கு 1926இல் வந்த பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது, அதற்கு ஆசிரம வளாகத்திலேயே சமாதி எழுப்பினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஒரு பயிர், இரண்டு பங்கு

இனி கொல்லைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கொல்லையில் கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, தினை, வரகு விளைந்தன. 19ஆம் நூற்றாண்டில் மணிலாப்பயிறு பரவியது. வேர்க்கடலை என்று படித்தவர்கள் எழுதுகிறோம். எங்கள் ஊரில் அது மல்லாட்டை. ஆடி மழையில் விதைத்த மல்லாட்டைக்கு நடுவே துவரைச் சால், ஓரத்தில் கம்பு, வரப்பில் ஆமணக்கு. ஒரு கொல்லைக்குள் நான்கு வகைப் பயிர்.

இந்தப் பயிர்களை விஞ்ஞானி பார்ப்பது போல் தானியம், எண்ணெய்வித்து, பயறு என்று பிரிக்காதீர்கள். என் பாட்டி பிரித்தது போல் பிரியுங்கள். கம்பில் கதிர் நமக்கு, தட்டை மாட்டுக்கு. கேழ்வரகில் களி நமக்கு, தாள் மாட்டுக்கு. மல்லாட்டையில் எண்ணெய் நமக்கு, கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்கு. துவரையில் பருப்பு நமக்கு, பொட்டும் தோலும் மாட்டுக்கு. நெல்லில் அரிசி நமக்கு, வைக்கோலும் தவிடும் மாட்டுக்கு. சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த கழுநீரும்கூடத் தொட்டிக்குத்தான் போகும். எங்கள் வீட்டுக் கழுநீர்த் தொட்டி ஒரு கருங்கல் தொட்டி. அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். மூன்று தலைமுறை மாடுகள் கழுத்தை வைத்துக் குடித்த இடம் அது.

மாடு வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததா? எருவைக் கொடுத்தது. கவலை இழுத்தது, கமலை என்று தெற்கே சொல்வதைத்தான் சொல்கிறேன். கிணற்றுச் சரிவில் இரண்டு எருதுகள் முன்னும் பின்னும் நடக்க, தோல் சாலில் ஏறி வந்த தண்ணீரில்தான் எங்கள் கேழ்வரகு விளைந்தது. ஏர் உழுதது, போர் மிதித்தது, வண்டி இழுத்தது. வீட்டுக்குப் பாலும் தயிரும் மோரும் கொடுத்தது. கன்று ஈன்றால் சீம்பாலைக் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுப்போம். அதை விற்றவரை நான் கண்டதில்லை. நிலம் மாட்டுக்கும், மாடு நிலத்துக்கும் கடன் வைக்காமல் வாழ்ந்தன. வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்தவை உப்பும் இரும்பும் துணியும் மட்டுமே. இதைத்தான் நம் வேளாண் மரபு என்று நான் சொல்கிறேன்.

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அந்த வாழ்வில் பசி இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் மாட்டை விற்றுக் கேழ்வரகு வாங்கினார்கள். சொந்த நிலம் இல்லாதவருக்குக் கதிரும் கூலியாக மட்டுமே கிடைத்தது; தட்டையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த நாளை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் இருந்த அறிவைக் கைவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

சொசைட்டிக்குப் பால் ஊற்றிய காலம்

1958இல் சாத்தனூர் அணை வந்தது. கிணறுகளுக்கு மின்சார மோட்டார் வந்தது. 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அன்றைய வடாற்காடு மாவட்டத்து ஊர்களில் தங்கிப் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தார்கள். கிணற்று நீர் கீழே இறங்கிக்கொண்டே போகிறது என்று அப்போதே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பதை இன்று ஆழ்துளைக் கிணறு போட்டுக் கடன்பட்ட ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

அதே காலத்தில்தான் பால் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் வந்தன. 1946இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய முறை, 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டமாக நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1981இல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் ஏற்பட்டு, ‘ஆவின்’ என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. எங்கள் ஊரில் யாரும் கூட்டுறவுச் சங்கம் என்று சொல்ல மாட்டார்கள். “சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறேன்” என்பார்கள்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சொசைட்டி வாசலில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் சிறு கேனுமாகப் பெண்கள் வரிசை. செயலாளர் குவளையால் மொண்டு லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார். அது நிற்கும் அளவை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அட்டையில் லிட்டர் கணக்கு ஏறும். என் அம்மாவுக்குக் கையெழுத்துத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. ஆனால் பால் அட்டையைத் தலைகீழாகக் காட்டினாலும் எந்த நாளில் எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவார். மல்லாட்டைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை அப்பாவின் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் கடன்காரர் கைக்குப் போனது. பால் பணம் பட்டுவாடா நாளுக்குப் பட்டுவாடா நாள் அம்மாவின் கைக்கு வந்தது. என் பள்ளிக்கூடக் கட்டணம், அக்காவின் தையல் இயந்திரம், வீட்டு ஓடு எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவை. கொல்லைமேட்டுப் பெண்களின் கைக்கு முதன்முதலாக முறையான வருமானத்தைக் கொடுத்தது பால்தான். இதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தின் வரலாற்றை எழுத முடியாது.

பங்கு முறிந்த இடம்

இவ்வளவு நல்லது நடந்தும், இன்று கறவை வைத்திருப்பவரைக் கேட்டால் “கட்டுப்படியாகவில்லை” என்கிறார். ஏன்?

சொசைட்டி பாலைத்தான் கேட்டது, தட்டையைக் கேட்கவில்லை. சினை ஊசியால் ஜெர்சிக் கலப்பு வந்தது, கறவை கூடியது. அதே ஆண்டுகளில் கொல்லையிலிருந்து கம்பும் சோளமும் வெளியேறின. உயரமாக வளர்ந்த நெல் போய்க் குட்டை ரகம் வந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் பாதி கழனியிலேயே நொறுங்கிக் கிடந்தது. மேய்ச்சல் புறம்போக்கில் கட்டடங்களும் மனைப்பிரிவுகளும் எழுந்தன. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பது கால்நடைத் துறையார் சொல்லும் பொதுக்கணக்கு. அந்தத் தீவனம் மூட்டையில் வருகிறது. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பாலை 41இலிருந்து 44 ரூபாயாகவும் உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. வந்த கூடுதல் பணத்தைத் தீவன மூட்டையே எடுத்துக்கொள்கிறது.

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது? மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு. அதாவது கொல்லையில் விளைவதுதான். நாம் விளைவிப்பதை நிறுத்தியதையோ, குறைந்த விலைக்கு விற்றதையோ ஆலை அரைத்து, மூட்டை கட்டி, கூடுதல் விலைக்கு நமக்கே விற்கிறது. மாட்டின் பங்கு கொல்லையை விட்டுக் கடைக்குப் போனது. பங்கு முறிந்த இடம் அதுதான்.

முதலில் அடிபட்டது எருமை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.80 லட்சம் எருமைகள் இருந்தன. 2019இல் 5.19 லட்சம். ஏழே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே காலத்தில் மாடுகள் 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாகக் கூடியிருக்கின்றன. எடுத்தனூரான் எதற்காக உயிரைக் கொடுத்தானோ, அது ஒரு கல்லும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மக்காச்சோளம் பகையா?

இங்கே ஒரு தெளிவு வேண்டும். நம் பாட்டன் சோளம் என்றது நாட்டுச் சோளத்தை. மக்காச்சோளம் மெக்சிகோவில் பிறந்து, கொலம்பசுக்குப் பின் கடல் தாண்டி வந்த பயிர். வந்த பயிரைப் பகையென்று தள்ளிவிட நான் சொல்ல மாட்டேன். மல்லாட்டையும் வந்த பயிர்தான், இன்று அது இந்த மாவட்டத்தின் அடையாளம். எந்தப் பயிரானாலும் மாட்டின் பங்கைக் கொடுக்கிறதா என்பதே கேள்வி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வண்டி எண் பலகையிலேயே ‘அமெரிக்காவின் பால் நாடு’ என்று பொறித்திருக்கிறார்கள். அங்கே மக்காச்சோளமும் பாலும் சேர்ந்தே வளர்ந்தன. கதிரில் மணி முற்றத் தொடங்கும் பருவத்தில் செடியோடு வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து ஊறுகாய்ப்புல் ஆக்கி, பனிக்காலம் முழுவதும் மாட்டுக்குப் போட்டார்கள். அவர்களுக்குப் பனிக்காலம், நமக்குச் சித்திரை, வைகாசி. கோடையில் பச்சை இல்லாமல் கறவை வற்றும் நம் ஊரில், புரட்டாசியில் நறுக்கி அடைத்த ஒரு குழி ஊறுகாய்ப்புல் பங்குனிக்குப் பிறகு மாட்டைக் காப்பாற்றும். ஆயினும் அங்கும் சிறு பண்ணைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டுவிட்டன. மாடுகள் பெரும்பண்ணைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. அவர்களிடமிருந்து குழியைக் கற்றுக்கொள்வோம். மூடலைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

2018இல் படைப்புழு வந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் துளைத்தபோது, அந்த ஒரே பயிரை நம்பியவர் மொத்தமும் இழந்தார். நான்கு பயிர் கலந்த கொல்லை அப்படி ஒரே அடியில் விழாது. பாட்டி விதைத்த ஓரக் கம்பின் அறிவு அது.

நம் கையில் உள்ளவை

பேச்சை முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்.

உழவர்களுக்கு: மூன்று காணி உள்ளவர் அரைக் காணியை மாட்டுக்கென்று எழுதி வையுங்கள். நாட்டுக் கம்போ, தீவனச் சோளமோ, கம்பு நேப்பியரோ, எது உங்கள் தண்ணீருக்கு ஒத்துவருமோ அது. நம் ஊர்ப் பக்கத்திலேயே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு ரகங்களை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே போய் விதை கேளுங்கள். கேட்கும்போது தானியம் எத்தனை மூட்டை என்பதோடு தட்டை எத்தனை கட்டு என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் ஆய்வாளர் அதையும் அளப்பார்.

ஊராட்சிகளுக்கு: மீதமிருக்கும் மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நடுங்கள். மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்ட ஊர்கள் இவை. மாடு பிழைப்பதற்கு ஒரு கல் நடுவது பெரிய காரியமல்ல.

மாணவர்களுக்கு: உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் இருப்பார். எந்தத் தட்டையை எந்த மாதம் போட்டால் பால் கெட்டியாகும், சினை மாட்டுக்கு எது ஆகாது, மடி வீக்கத்துக்கு என்ன அரைத்துப் பூசுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்தப் பொங்கல் விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். என் பாட்டி சொன்னவற்றில் நான் எழுதி வைத்தது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் அவரோடு போய்விட்டது. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

வரும் ஆடியில் உங்கள் கொல்லையில் என்ன விதைத்தாலும், மாட்டின் பங்கை ஒதுக்கிவிட்டு விதையுங்கள்.